பொது மேசை: சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை

வெள்ளி, சிங்கப்பூர்

இந்தப் பயணத்துக்கு நான் வைத்திருக்கும் திட்டம் மிகச் சின்னது. சிங்கப்பூரில் இறங்கி, பேருந்திலும் ரயிலிலுமாகக் கோலாலம்பூர் வழியே பினாங்கு வரை போவது. போகிற ஊரிலெல்லாம் தனி மேசை தரும் உணவகங்களை விட்டுவிட்டு, முன்பின் தெரியாதவர்கள் அருகருகே உட்கார்ந்து சாப்பிடும் இடங்களில் மட்டும் சாப்பிடுவது. எதிரில் யார் வந்து உட்கார்ந்தாலும் பேசிப் பார்ப்பது. அன்றன்றைக்கு நடந்ததை இரவு இங்கே எழுதிவிடுவேன்.

ஏன் இப்படி ஓர் ஆசை என்றால், தமிழ்நாட்டில் எனக்கு அது கிடைப்பதில்லை. ஒரு பெண் தனியாக ஓட்டலுக்குள் போனால் முதலில் காதில் விழுவது "ஃபேமிலி ரூம் உள்ளே இருக்கு மேடம்" என்பதுதான். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் தடுப்புக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி தோசை சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போது, அந்த ஊரில் ஒரு மனிதரைக்கூடச் சந்திக்கவில்லை என்ற குறைதான் மிஞ்சும். கூட்டமான மெஸ்ஸில் இடம் பகிர்வது நமக்குப் புதிதில்லை. நாம் ரசத்துக்கு வருவதற்குள் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றுவிடுவார். ஆனால் பேச்சு? "சாப்பிடும்போது பேசாதே" என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்.

மதியம் தேக்கா நிலையத்துக்குப் போனேன். சிராங்கூன் சாலையின் தொடக்கத்தில் இருக்கிறது. கீழே ஒரு பக்கம் மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்கும் சந்தை, மறுபக்கம் சாப்பாட்டுக் கடைகள், மேலே துணிக்கடைகளும் தையல்காரர்களும். சாப்பாட்டுப் பகுதியை இங்குள்ள தமிழர்கள் உணவங்காடி நிலையம் என்கிறார்கள். நடுவில் மேசைகள், தரையோடு பொருத்திய முக்காலிகள், சுற்றிலும் கடைகள். எந்தக் கடையில் வாங்கினாலும் எந்த மேசையிலும் உட்காரலாம். மேசை எந்தக் கடைக்காரருக்கும் சொந்தமில்லை.

இந்தக் கடைசி விஷயம் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒரு கடைக்குச் சொந்தமான மேசையில் நாம் அந்தக் கடையின் விருந்தாளி. யாருக்கும் சொந்தமில்லாத மேசையில் எல்லோருக்கும் ஒரே உரிமைதான். அதனால்தான் இடம் தேடி வருகிறவர் கடைக்காரரிடம் போவதில்லை, ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கிறார்.

காலியாக இருந்த ஒரு மேசையில் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்று கிடந்தது. பக்கத்து மேசைக்காரர் என் பார்வையைக் கவனித்துவிட்டு, "அது ஆள் இருக்குன்னு அர்த்தம்மா, நீங்க இங்க உக்காருங்க" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். பொட்டலத்தை வைத்துவிட்டு வரிசைக்குப் போவது இந்த ஊர் வழக்கமாம். எடுத்து நகர்த்தி வைக்க யாரும் துணிவதில்லை என்றார்.

சற்று நேரத்தில் எதிரில் ஒரு சீன மூதாட்டி ரொட்டி பராட்டாவோடு வந்து உட்கார்ந்தார். என் தட்டில் இருந்த தேங்காய்ச் சட்னியைக் காட்டி, காரமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். காரமில்லை என்றதும், தன் மீன் குழம்புக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, "இது காரம், தொட்டுப் பார்" என்றார். அவ்வளவுதான், பேச்சு தொடங்கிவிட்டது. பக்கத்து அடுக்குமாடியில் குடியிருக்கிறாராம். சந்தை இந்தக் கட்டடத்துக்கு வருவதற்கு முன்பு, அதாவது 1982-க்கு முன்பு, சாலைக்கு அந்தப் பக்கம் பழைய சந்தை இருந்த காலத்திலிருந்தே வருகிறவர். பராட்டா எங்கே மொறுமொறுப்பாகக் கிடைக்கும், எந்தக் கடையில் மகன் பொறுப்புக்கு வந்தபின் குழம்பு நீர்த்துப் போனது, எல்லாம் சொன்னார். பராட்டா தீர்ந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நன்றாகச் சாப்பிடு" என்றார். பெயரைக் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

சனி, சிங்கப்பூர்

இன்று முழுக்க சைனாடவுன். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோயில், சில எட்டு தள்ளிச் சூலியா முஸ்லிம்கள் (தமிழகக் கடற்கரையிலிருந்து வந்தவர்கள்) கட்டிய ஜாமியா பள்ளிவாசல், அதே சாலையில் புத்தர் கோயில். மூன்றையும் பார்த்துவிட்டு மேக்ஸ்வெல் உணவங்காடிக்குப் போனேன். சிக்கன் ரைஸ் கடை முன்னால் நீண்ட வரிசை. வரிசையில் நிற்கிறவர்கள் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களைவிடச் சுலபமாகப் பேசுகிறார்கள் என்பதை அங்கே கவனித்தேன். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நிற்பதால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய கூச்சம் இல்லை. காத்திருப்பது எல்லோருக்கும் பொது. எனக்கு முன்னால் நின்ற பெண், மருத்துவமனையில் இரவுப்பணி முடித்து வந்தவர், இஞ்சிச் சாந்தை அதிகம் கேட்டு வாங்கச் சொல்லிக்கொடுத்தார். இஞ்சிதான் அந்தச் சோற்றின் உயிர், நம்பி வாங்கலாம்.

மாலையில் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ். மாடியில் இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள். நாட்டிலேயே பெரிய உணவங்காடி நிலையம் இதுதான். 2016-இல் உணவகங்களுக்குத் தர நட்சத்திரம் வழங்கும் மிஷெலின் கையேடு சிங்கப்பூருக்கு முதன்முதலாக வந்தபோது இரண்டு அங்காடிக் கடைகளுக்கு நட்சத்திரம் கொடுத்தது. அதில் ஒன்று இந்த மாடியில் சோயா கோழி விற்ற கடை. நான் உட்கார்ந்தது அதற்கு ரொம்ப தூரத்தில், காப்பிக் கடைக்கு எதிரில்.

அங்கே ஒரு பெரியவரோடு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினேன். எழுபதைத் தாண்டியவர். சிறுவனாக இருந்தபோது அப்பாவோடு தெருவில் நூடுல்ஸ் வண்டி தள்ளினாராம். வாளித் தண்ணீரில் தட்டுக் கழுவியது, அதிகாரிகள் வரும் சத்தம் கேட்டால் வண்டியோடு ஓடியது, மழை வந்தால் அன்றைய சோறு போனது, எல்லாவற்றையும் கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அறுபதுகளின் இறுதியில் அரசு தெருவோர வியாபாரிகளைப் பதிவு செய்யத் தொடங்கி, 1986-க்குள் எல்லோரையும் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் உள்ள நிலையங்களுக்கு மாற்றிவிட்டது. இன்று அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள். "தெருவில் ஆள் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். இங்கே வந்தபிறகுதான் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் பேசினார்கள்" என்றார். வரலாற்றுப் புத்தகங்கள் சுகாதாரத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லும். முக்காலியைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கொரோனா காலத்தைப் பற்றிக் கேட்டேன். முகம் மாறியது. 2020 ஏப்ரல் 7 முதல் இரண்டு மாதத்துக்கும் மேல் யாரும் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. மேசைகளை நாடா கட்டி மூடியிருந்தார்கள். பொட்டலம் வாங்கி வீட்டுக்குப் போக வேண்டும். மனைவி இறந்து தனியாக இருப்பவர் அவர். "சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பேச ஆள் இல்லை" என்றார். அதே ஆண்டு டிசம்பரில்தான் சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. கூடி உண்பதைத்தான் அந்தப் பதிவு முதன்மையாகச் சொல்கிறது.

தட்டைத் திருப்பி வைக்கப் போனபோது ஒன்று பார்த்தேன். 2021 செப்டம்பரிலிருந்து சாப்பிட்டவரே தட்டை அடுக்கில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது இங்கே கட்டாயம். அந்த அடுக்குகள் இரண்டு வகை: ஹலால் தட்டுகளுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று. தட்டுகள் கலக்காது. ஆனால் மேசை ஒன்றுதான். மாட்டிறைச்சி தொடாதவர், பன்றி தொடாதவர், எந்த இறைச்சியும் தொடாதவர் என மூன்று பேர் மூன்று கடைகளில் வாங்கி வந்து ஒரே மேசையில் முழங்கை இடிக்க உட்காரலாம். யாரும் தன் விரதத்தை விட்டுக்கொடுக்கவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை.

ஒரு தமிழச்சியாக இதை லேசாகக் கடந்து போக என்னால் முடியவில்லை. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதை வைத்தே மனிதர்களைப் பிரித்த சமூகம் நம்முடையது. வள்ளலார் 1867-இல் வடலூரில் சாதி கேட்காமல் சோறு போட அடுப்பு மூட்டினார். சீர்திருத்தவாதி சகோதரன் அய்யப்பன் 1917-இல் கேரளத்தின் செறாயியில் சமபந்தி நடத்தியதற்கு ஊர் விலக்கம் பரிசாகக் கிடைத்தது. 1957-இல்கூடச் சென்னையில் ஓட்டல் பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' என்பதை எடுக்கச் சொல்லிப் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. டீக்கடை இரட்டைக் குவளையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பின்னணியோடு இந்த மேசையைப் பார்க்கிறபோது, எதிரில் இருப்பவர் யார் என்று கேட்காமல் "ஆள் இருக்கா?" என்று மட்டும் கேட்டு உட்காருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிகிறது.

இரவு லாவ் பா சாட். 1894-இல் திறந்த எண்கோண வடிவ இரும்புக் கட்டடம், அழகு. பக்கத்துத் தெருவை மாலையில் அடைத்துச் சாத்தே (குச்சியில் கோத்த இறைச்சி) சுடுகிறார்கள், தெருவெங்கும் புகை. சுவைக்குக் குறையில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் ஆறு பேர், எட்டுப் பேர் எனக் கூட்டமாக வந்தவர்கள். ஒவ்வொரு மேசையும் தனக்குள் மூடிக்கொண்டிருந்தது. அடுத்தவரோடு யாரும் பேசவில்லை. பொது மேசை மட்டும் போதாது போலிருக்கிறது. தனியாகவோ இருவராகவோ வருகிறவர்களும் வேண்டும்.

ஞாயிறு, சிங்கப்பூர்

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா வேறு ஊர். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்கிற தமிழர்களும் வங்கதேசத்தவர்களும் வாரத்தின் ஒரே விடுமுறைக்கு இங்கே வந்துவிடுகிறார்கள். பணம் அனுப்ப, முடி வெட்ட, நண்பனைப் பார்க்க, கோயிலுக்குப் போக. கோமள விலாஸ் 1947-இலிருந்து இங்கேதான் இருக்கிறது. காலையில் அங்கே ஒரு காப்பி குடித்துவிட்டு, மதியம் குறுக்குச் சந்தில் ஒரு சின்ன மெஸ்ஸுக்குப் போனேன்.

வாசலில் நின்ற பையன் என்னைப் பார்த்துத் தயங்கினான். "அக்கா, தனி டேபிள் இல்லை, பரவாயில்லையா?" அதற்காகத்தானே வந்தேன் தம்பி என்றேன். மூன்று இளைஞர்கள் இருந்த மேசையில் நான்காவது இடம். முதலில் மூவரும் விறைப்பாகி, பேச்சை நிறுத்திவிட்டு இலையைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். வத்தக்குழம்பு நன்றாக இருக்கிறதா என்று நான்தான் கேட்டேன். "சூப்பரா இருக்குக்கா, ஊத்திக்கங்க" என்று ஒருவர் வாளிக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்.

தஞ்சாவூர்ப் பக்கம், புதுக்கோட்டைப் பக்கம், ராமநாதபுரம். ஒருவர் சாரம் கட்டுகிறவர், ஒருவர் வெல்டர், மூன்றாமவர் வந்து சில மாதம்தான் ஆகிறது. வார நாட்களில் அவர்களுக்கு ஒப்பந்தச் சமையல்காரர் பொட்டலம். இருட்டோடு சமைத்துக் கட்டி விடுதிக்கு வந்துவிடும். அதைக் கையோடு எடுத்துக்கொண்டு லாரியில் ஏறி, மதியம் வேலை இடத்தில் எங்காவது நிழலில் பிரிக்கும்போது சோறு விறைத்திருக்கும், சில நாட்களில் குழம்பு புளித்தும் போயிருக்கும். "சூடா ஒரு சோறு, யாராவது வந்து 'இன்னும் போடவா'ன்னு கேக்கணும். அதுக்குத்தான்கா இவ்வளவு தூரம் வர்றது" என்றார் வெல்டர்.

அந்த 'இன்னும் போடவா' இரவு வரை என்னை விடவில்லை. நகரத்தைக் கட்டுகிறவர்களுக்கு வாரத்தில் ஒரு வேளைதான் தங்களைப் பார்த்து ஒருவர் கேட்டுப் பரிமாறுகிறார். உணவகம் என்றால் ஆடம்பரம், வீட்டுச்சாப்பாடுதான் அன்பு என்று பேசுகிற பழக்கம் நமக்கு உண்டு. வீடே எட்டாத தொலைவில் இருப்பவருக்கு மெஸ்தான் வீடு, வாளியோடு வருகிறவர்தான் சொந்தம். நாங்கள் பேசியது பெரும்பாலும் குழம்பைப் பற்றித்தான். ராமநாதபுரத்துத் தம்பி அம்மா வைக்கும் மீன் குழம்பில் மாங்காய் எப்போது போட வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். மற்ற இருவரும் அவர் இலையில் அப்பளம் வைத்தார்கள். நான் பேச்சை மாற்றவில்லை, சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடர்ந்தார்: புளி கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகுதான் மாங்காய்.

என் பில்லையும் அவர்களே கொடுக்கப் பார்த்தார்கள். ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் மோருக்கு மட்டும் விட்டுக்கொடுத்தேன்.

திங்கள், வழியில்

கோலாலம்பூருக்குப் பேருந்து. எல்லையில் இறங்கிக் கடவுச்சீட்டுச் சோதனை, ஏறி, மறுபடி இறங்கிச் சோதனை. நெடுஞ்சாலை நெடுக இருபுறமும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள். ஓய்விடத்தில் ஒரே மேசையில் பேருந்துப் பயணிகள் சிலர் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் பிரித்தோம். இருபது நிமிடம்தான் என்று ஓட்டுநர் சொல்லிவிட்டதால் யாரும் வாயைப் பேச்சுக்குத் திறக்கவில்லை. அவசரம் இருக்கிற இடத்தில் பொது மேசையும் வெறும் மேசைதான். எழுத வேறொன்றும் இல்லை.

செவ்வாய், கோலாலம்பூர்

பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலைக்கு அருகில் வாழை இலைச் சாப்பாடு. மலேசியாவின் 'பனானா லீஃப்' நம் சாப்பாட்டின் தம்பிதான், ஆனால் வளர்ந்த விதம் வேறு. பாகற்காயை மெல்லிசாக அரிந்து முறுமுறுவென்று பொரித்துத் தருகிறார்கள், எவ்வளவு கேட்டாலும். சுற்றி இருந்தவர்களில் பாதிக்கு மேல் சீனர்களும் மலாய்க்காரர்களும். கையால் பிசைந்து சாப்பிடுவதில் எனக்கு எந்த விதத்திலும் குறைந்தவர்கள் இல்லை. பக்கத்தில் இருந்த சீன இளைஞர் சாப்பிட்டு முடித்து இலையைத் தன் பக்கமாக மடித்தார். பிடித்திருந்தால் அப்படி மடிக்க வேண்டும் என்று பள்ளித் தோழனின் அம்மா சொல்லிக்கொடுத்தாராம். தீபாவளிக்கு அந்த வீட்டில் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கும், சீனப் புத்தாண்டுக்கு அவர்கள் தன் வீட்டுக்கு வருவார்கள் என்றார். இந்த நாட்டில் பண்டிகை என்றால் திறந்த வீடு. அக்கம்பக்கத்தாரும் அவர்கள் அழைத்து வரும் முன்பின் தெரியாதவர்களும் வந்து சாப்பிடுவார்கள்.

இரவு பதினொரு மணிக்கு மாமாக் கடை. மாமாக் கடைகள் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கி வளர்த்தவை. பல கடைகள் மூடுவதே இல்லை. நடைபாதை வரை நீளும் மடக்கு மேசைகள், சுவரில் பெரிய திரை, அதில் பூப்பந்தாட்டம். ஒருவர் தே தாரிக் என்ற பால் தேநீரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு, கை நீட்டிய தூரம் இழுத்து ஆற்றிக்கொண்டே, திரையையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ரொட்டி சானாய் (சிங்கப்பூரின் ரொட்டி பராட்டாதான்) சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மேசையில் ஏற்கெனவே ஒரு மலாய்த் தம்பதி. பிறகு தலைக்கவசத்தோடு ஒரு தமிழ் இளைஞர், உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, இரவு முழுக்க ஊர் சுற்றுபவர். மலேசிய வீரர் ஒரு புள்ளி எடுத்ததும் நான்கு பேரும் ஒன்றாகக் கத்தினோம். அதற்குப் பிறகு அறிமுகம் தேவைப்படவில்லை. மலாய்ப் பெண் என்னிடம், இந்தியாவிலிருந்து தனியாக வந்தாயா, பயமில்லையா என்று கேட்டார். தமிழ் இளைஞர் மொழிபெயர்த்தார். நான் சொன்ன பதிலோடு தன் கருத்தையும் சேர்த்து மொழிபெயர்த்தார் என்பது அவர்கள் சிரிப்பிலிருந்து தெரிந்தது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கே எல்லா மேசையும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பன்றி இறைச்சி விற்கும் சீனக் காப்பிக் கடைக்கு மலாய் முஸ்லிம்கள் போவதில்லை. அந்தப் பிரிவு நிஜம். அதனால்தான் மாமாக் கடைக்கு இவ்வளவு மதிப்பு. அங்கே பன்றி இல்லை, சாராயம் இல்லை. சைவக்காரருக்கு ரொட்டியும் பருப்பும் உண்டு. யாருக்கும் தள்ள வேண்டிய காரணம் இல்லாத சாப்பாட்டு இடமாகத் தமிழ் முஸ்லிம்கள் அதை அமைத்துவிட்டார்கள். 2024 டிசம்பரில் மலேசியாவின் காலையுணவுப் பண்பாட்டை, நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றையும் முன்னிறுத்தி, யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. மூன்றில் இரண்டு இந்தக் கடைகளின் கைவண்ணம். நம்மவர்கள் என்று பெருமையாக இருந்தது.

புதன், பினாங்கு

கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்ரயில், நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து படகில் கடலைக் கடந்தால் ஜார்ஜ் டவுன். 2008-இலிருந்து உலக மரபு நகரம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், குவீன் தெரு மாரியம்மன் கோயில், சீனர்களின் கருணைத் தாய் கோயில், புனித ஜார்ஜ் தேவாலயம், எல்லாம் நடக்கும் தூரத்தில்.

மாலை நாசி கண்டார். இந்தச் சோற்றின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகள் தோளில் காவடித் தண்டு வைத்து, ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். மூட்டை தூக்கியவர் எந்த இனமாக இருந்தாலும் அதே கூடையைச் சுற்றித்தான் குந்தி உட்கார்ந்திருப்பார். கேம்பல் தெருவின் ஹமீதியா கடை 1907-இல் தொடங்கியது.

வரிசையில் நகர்ந்து, சோறு வாங்கி, மீன், கோழி, வெண்டைக்காய் என்று கைகாட்டினேன். பரிமாறுகிறவர் நான் கேட்காமலே மூன்று நான்கு குழம்புகளைக் கலந்து ஊற்றினார். எனக்குப் பின்னால் நின்ற சீனப் பெரியவர் "பஞ்சிர்! பஞ்சிர்!" என்று எனக்காகக் குரல் கொடுத்தார், சோறு மூழ்க ஊற்று என்று பொருள். பரிமாறுகிறவர் என்னைப் பார்த்துத் தமிழில், "அவர் சொன்னா ஊத்தித்தான் ஆகணும், முப்பது வருசமா வர்றாரு" என்றார்.

அந்தப் பெரியவரே என் மேசைக்கு வந்தார். தமிழ் தெரியும், ஆனால் அவருடைய தமிழ் முழுக்கக் கடைத் தமிழ்: "கொஞ்சம் போடு", "சூடா இருக்கா", "எவ்ளோ ஆச்சு". அந்த மூன்று நான்கு வாக்கியங்களை வைத்தே என்னோடு முழு உரையாடலையும் நடத்தினார், மீதியைக் கையாலும் ஆங்கிலத்தாலும் நிரப்பினார். குழம்புகளைக் கலப்பதுதான் ரகசியம் என்றார். தனித்தனியாகக் கேட்டால் இரண்டாம் முறை வரமாட்டாய், கலந்து தின்றால் ஊர் திரும்பினாலும் நினைப்பு வரும்.

வியாழன், பினாங்கு

காலையில் சீனக் காப்பிக் கடை. பளிங்குப் பலகை மேசை, வளைந்த மர நாற்காலி. இங்கே கடைக்காரர் காப்பி மட்டும் விற்பார். கடைக்குள்ளேயே சிறு வாடகைக்கு நிற்கிற வண்டிக்காரர்கள் நூடுல்ஸ், கஞ்சி, சார் குவே தியோ (வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸ்) என ஆளுக்கொன்று போடுவார்கள். காப்பி வாங்கினால்தான் நாற்காலி. கரியடுப்பில் இறாலும் வாத்து முட்டையும் சேர்த்து வாணலியைத் தூக்கித் தூக்கிப் புரட்டும் பெண்ணைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் காத்திருந்தேன். அந்த அரை மணியில் மேசையில் இருந்த மூவரோடும் பழக்கமாகிவிட்டது.

மதியம் வேண்டுமென்றே அதற்கு நேர்மாறான ஓர் இடத்துக்குப் போனேன். குளிரூட்டிய உணவகம், மேசைமேல் ஒட்டிய சதுரக் குறியீடு. அதைப் படம்பிடித்து, தொடுதிரையில் தேர்ந்தெடுத்து, பணமும் கட்டிவிட்டேன். சாப்பாடு வந்தது, சுவையாகவே இருந்தது. உள்ளே போனதிலிருந்து வெளியே வரும்வரை நான் ஒரு சொல் பேசவில்லை. கேட்பதற்கு எதுவும் மிச்சம் இல்லாமல் செய்திருந்தார்கள். இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டாம், அது என்ன பதார்த்தம் என்று கேட்க வேண்டாம், படமே இருக்கிறது. வசதி என்கிறார்கள். பசித்து வந்த மனிதரின் வாயை உணவுக்கு மட்டும் திறக்கவைக்கிற இந்த வசதி எனக்குக் கவலை தருகிறது. இத்தனை நாளும் நான் கேட்ட கதைகள் அத்தனையும் இரண்டே இரண்டு சின்னக் கேள்விகளிலிருந்து வந்தவை: இங்கே ஆள் இருக்கா? அது எந்தக் கடையில் வாங்கியது? நட்போடு வந்து யாரும் உட்காரவில்லை. இடம் போதாமல்தான் உட்கார்ந்தார்கள், விவரம் தெரியாமல்தான் கேட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பேச்சுகளுக்குத் தட்டே கால அளவு. தட்டு காலியானதும் யாரும் மனம் கோணாமல் எழுந்து போகலாம். மறுபடி பார்ப்போம் என்று பொய்யாகச் சொல்ல வேண்டியதில்லை. அதனாலேயே மனிதர்கள் துணிந்து பேசுகிறார்கள். இறந்த மனைவியைப் பற்றி, அம்மாவின் மீன் குழம்பைப் பற்றி, வீட்டில் பேசியிருக்க முடியாததைக்கூட.

சிங்கப்பூரில் அங்காடிக்காரர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அறுபதை எட்டியவர்கள். பினாங்கிலும் அடுப்புக்கு முன்னால் நிற்கிற பலர் அந்த வயதுதான். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சமையல் குறிப்பைக் காப்பாற்ற ஆயிரம் வழி இருக்கிறது. மேசையைக் காப்பாற்றுவது எப்படி என்று யாராவது சீக்கிரம் யோசிக்க வேண்டும்.

மாலை அசாம் லக்சா (புளிப்பு மீன் நூடுல்ஸ்) கடையில், புளிக்கரைசலில் மீன் உதிர்ந்து, இஞ்சிப்பூ வாசத்தோடு கிண்ணம் வந்தபோது, பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். என் வயதுதான், பள்ளி ஆசிரியை, ஈப்போவில் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறார், விடுமுறைக்கு அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறார். "ஈப்போ போகலையா?" என்றார். திட்டத்தில் இல்லை என்றேன். "என்னங்க நீங்க, இவ்வளவு தூரம் வந்துட்டு! பட்டர்வொர்த்துல ரயில் ஏறினா ரெண்டு மணி நேரம். காலைல வெள்ளைக் காப்பி, மத்தியானம் முளைப்பயறு கோழி. நான் ஒரு கடை சொல்றேன், எட்டு மணிக்குள்ள போயிடுங்க, அப்பத்தான் கூட்டம் இருக்கும், மேசை பங்கு போட்டுத்தான் உக்காரணும்." காகிதக் கைக்குட்டையில் தெருவின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

நாளை விடியற்காலைப் படகுக்கு எழ வேண்டும். ரயில் சீட்டு வாங்கியாயிற்று.